சுனைப்பாறை சரிஞ்ச சேதி

நகரி
28-2-1960

சிரஞ்சீவி நாகேந்திரனுக்கு அம்மா தாட்சாயணி ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. கல்கத்தாவுல நீயாவது சுகமா இருக்கணும். இங்க எல்லாரும் சுகம்னு எழுத எனக்குக் கை வரல.

உன் மாமன், என் கூடப்பொறந்த சின்னசாமி, செத்துட்டான்டா. மலை நசுக்கிடுச்சு. மாசி பொறந்ததும் ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் நடுவுல எல்லைக்கல் நட சர்க்கார் ஆளுங்க வராங்கன்னு தண்டோரா போட்டாங்க, கல்லை நட்டா நம்ம மலைச்சுனை அந்தப்பக்கம் போயிடும், நம்ம கழனி காயும், அதுக்குள்ள தண்ணிய இந்தப்பக்கம் திருப்பணும்னு ஊரே கொதிச்சிக்கினு இருந்துச்சு. அப்பதான் பாறைப் படிப்பு படிச்ச உன்கிட்டருந்து காயிதம் வந்துச்சு. வழக்கம்போல கோயில் வாசல்ல எல்லாரையும் உக்கார வெச்சு நான்தான் படிச்சேன். அடியில கிடக்கறது கருங்கல்லு, மேல கிடக்கறது எந்தக் காலத்துலயோ தண்ணிக்கடியில மணல் இறுகி ஆன பாறை, ரெண்டும் சேர்ற இடத்துலதான் சுனை கசியுதுன்னு எழுதியிருந்தியே. உங்க நைனா துள்ளி எழுந்து, அந்த இடுக்குலயே வெடி வைங்கடான்னாரு.

மறுநாளே வெச்சாங்க. மேல்பாறை பலகை பலகையா சரிஞ்சுது. சின்னசாமி இடுப்புக்குக் கீழ பாறையில மாட்டி நசுங்கிட்டான். கடப்பாரை போட்டு நெம்பறப்ப அக்கா அக்கான்னு கத்தினான், உயிர் போக மத்தியானம் ஆச்சு. உங்க நைனாவுக்கு வலது கை மணிக்கட்டோட போச்சு, திருப்பதி ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. சுனையும் மூடிக்கிச்சு. மாமன் பொண்டாட்டி ரத்னம்மா வீட்டுக்குள்ள பூந்து உன் போட்டோவை அம்மியில போட்டு நொறுக்கினா, படிச்ச திமிருல பொய் எழுதி என் தாலிய அறுத்துட்டான், ஊருக்குள்ள கால் வெச்சா வெட்டுவேன்னு மண்ணை வாரித் தூத்தினா. அவ அண்ணன் தம்பிங்க கொடுவாளைத் தீட்டிக்கினு இருக்கறானுங்க. நான் உன் போட்டோ சில்லைப் பொறுக்கிக்கினு இருந்தேன்.

உன் காயிதத்துல அடுத்த வரி என்னன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். மேல்பாறை சாய்ஞ்சு கிடக்குது, அடியில தொட்டா சரிஞ்சுடும், யாரும் கை வைக்காதீங்கன்னு எழுதியிருந்த. நைனா கத்தினப்ப என் கண்ணு அந்த வரி மேலதான் இருந்துச்சு. படிச்சா ஒருத்தனும் மலை ஏறமாட்டான், கழனி போயிடும்னு முழுங்கிட்டேன்டா பாவி நான். காயிதத்தை மடிச்சு இடுப்புல சொருகிக்கினேன்.

நாளைக்குக் கருமாதி. ஊரு கூடினதும் அதே கோயில் வாசல்ல முழுசா படிக்கப்போறேன். ரத்னம்மா என்னை என்ன பண்ணாலும் பண்ணட்டும். நீ வேளாவேளைக்குத் துன்னு, இப்ப வராதே, தீர்க்காயுசா இரு. இந்தக் காயிதத்தைக் கிழிச்சுப் போடாதே, எவனாவது உன் மேல கை ஓங்கினா எடுத்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா, சின்னசாமிக்கு அக்கா,
தாட்சாயணி