காலிப் பெட்டியில் ஒரு வரி

நாள் 44 | காலை 09:10
நிலவின் மறுபக்கம், விளிம்பு நிலையம். எழுதுவது உமையாள், தொடர்புப் பொறியாளர். குரல் இணைப்பு தவிர எல்லாம் சீராக இயங்குகிறது. பள்ளத்தின் அடியில் உள்ள கீழ்நிலையத்தில் இருதயராஜ் அண்ணன் பாறை துளைத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தில் மனிதர் என்று நாங்கள் இரண்டே பேர்.

குரல் இணைப்பு நேற்றோடு செத்துவிட்டது. மிச்சம் இருப்பது மெல்லிய தரவு இணைப்பு மட்டும். அதில் ஓடும்படி ஒரு வலைப்பக்கம் செய்திருக்கிறேன். பக்கத்தில் ஒரே ஒரு எழுத்துப் பெட்டி. அதில் அவர் தட்டுவது எனக்குத் தெரியும், நான் தட்டுவது பெட்டிக்குக் கீழே அவருக்குத் தெரியும். தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டி தானாகக் காலியாகிவிடும்.

காலை முழுக்க சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின் தோற்றத்தை வடிவமைக்கும் வேலை. பெட்டியின் உயரம் போதாமல் ‘கீ’யின் சுழி வெட்டுப்பட்டது. வரி உயரத்தைக் கூட்டினேன். எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டதும் பெட்டி திரையைத் தாண்டி வலப்பக்கம் பிதுங்கியது. அதையும் தட்டி அடக்கினேன். அவர் தட்டத் தொடங்கினால் என் திரையில் பெட்டியின் ஓரக்கோடு, பார்டர், மஞ்சளாகும்.

கடைசியாக பிளேஸ்ஹோல்டர், அதாவது பெட்டி காலியாக இருக்கும்போது மங்கலாக நிற்கும் மாதிரி வாசகம். அண்ணன் எதை எழுதினாலும் தபால் கடிதம் போல ‘நலம். நலமறிய ஆவல்.’ என்றுதான் ஆரம்பிப்பார். கேலிக்கு அதையே வைத்தேன்.

நாள் 45 | காலை 08:30
அண்ணனின் செய்தி:
“நலம். நலமறிய ஆவல். யம்மா உமையா, நான் எழுதுறதுக்கு முந்தியே எனக்காக எழுதி வச்சிட்டியே, பெரிய கெட்டிக்காரிதான். ஆனா அந்த எழுத்து கண்ணுக்கே பிடிபடல. அம்பத்தாறு வயசுக் கண்ணும்மா இது. கொஞ்சம் கருப்பாக்கி விடேன்.”

மங்கலாகத்தான் இருக்க வேண்டும், அதற்குக் காரணம் உண்டு என்று தட்டிப் பார்த்தேன். “உன் காரணத்த நீயே வச்சுக்கோ” என்று பதில் வந்தது. மனிதர் மசிகிற ஆள் இல்லை.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. வெளிர் சாம்பலை எடுத்துவிட்டு, தட்டும் எழுத்துக்குக் கொடுத்திருந்த அதே கருப்பைக் கொடுத்தேன். பார்க்கவும் பளிச்சென்றுதான் இருக்கிறது.

நாள் 47 | மாலை 17:40
அண்ணனின் செய்தி:
“நலம். நலமறிய ஆவல். காத்து வடிகட்டி இருமிக்கிட்டே கெடக்கு. மூடியக் கழட்டிப் பாக்கப் போறேன். காலையில என்கிட்டேருந்து ஒரு வரியும் வரலேன்னா வண்டிய அனுப்பிரு. வந்துச்சுன்னா அனுப்பாத. இருக்கறது ஒரே வண்டி, வீணா ஓட்டிப் பழுதாக்காத.”

வண்டியில் ஆள் ஏற இடமில்லை. மாற்று வடிகட்டியோடு தானே போய், தன் இயந்திரக் கையால் அதை மாட்டும்; போய்ச் சேர இருபத்தாறு மணி நேரம் ஆகும். வடிகட்டி நின்றாலும் அவசரக் காற்று நான்கு நாள் தாங்கும். ஆகவே பயமில்லை. “சரிண்ணே, பாத்து” என்று தட்டினேன்.

நாள் 48 | காலை 06:30
பெட்டியில் வரி நிற்கிறது. ‘நலம். நலமறிய ஆவல்.’
அப்பாடா. வண்டியை அனுப்பவில்லை.

நாள் 49 | காலை 06:30
அதே வரி. வடிகட்டி என்ன ஆயிற்று என்று நேற்று இரண்டு முறை கேட்டேன். பதில் இல்லை. ஏதோ கோபம் போல. எனக்கும் கோபம் வரும் என்று நீளமாகத் தட்டி வைத்தேன்.

நாள் 50 | காலை 06:35
அதே வரி. பார்டர் மஞ்சளாகி நான் பார்க்கவே இல்லை. நான் எழுவதற்குள் தட்டிவிட்டுத் துளைக்கப் போய்விடுகிறார்.

நாள் 51 | காலை 06:30
அதே வரி. நலமாக இருக்கிறவர் இன்னும் ஒரு சொல் சேர்த்துச் சொன்னால் என்ன?

நாள் 52 | காலை 10:20
அந்த வரியை நகலெடுத்து இந்தக் குறிப்பில் ஒட்ட நினைத்தேன். கணினி எலியைப் பிடித்து அதன் மேல் இழுத்தேன். தட்டிய எழுத்து என்றால் நீலமாகும், இது ஆகவில்லை. மறுபடி இழுத்தேன். எழுத்து பிடிபடவே இல்லை.

பிளேஸ்ஹோல்டரைத் தேர்ந்தெடுக்க முடியாது. முதல் வருஷ மாணவனுக்கும் தெரிந்த விஷயம். பெட்டி காலி. ஐந்து நாளாகக் காலி. நான் வாசித்துக்கொண்டிருந்தது நானே எழுதி நானே கருப்பாக்கிய வரி.

10:31
வண்டி கிளம்பிவிட்டது. பூமிக்குச் சொல்ல வழியில்லை, செயற்கைக்கோள் வர இன்னும் ஒன்பது நாள். காற்றுக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் நேற்று மாலையோடு முடிகிறது.

10:50
நிறத்தைப் பழைய சாம்பலாக்கினேன். வரி மங்கிப்போனது. அதையும் பார்க்கப் பொறுக்காமல் வாசகத்தையே நீக்கினேன். இப்போது வெறும் பெட்டி. இவ்வளவு பெரிய பெட்டியா செய்திருந்தேன்?

நாள் 53 | பகல் 12:40
வண்டியின் கேமரா உள்ளே போய்விட்டது. அண்ணன் வடிகட்டிக்குக் கீழே கிடக்கிறார். இரும்பு மூடி சரிந்து இரண்டு காலையும் அழுத்தியிருக்கிறது. விசைப்பலகை மேஜை மேல், கைக்கு எட்டாத தூரத்தில். வண்டியின் வெப்பமானிப்படி உடல் சில்லிட்டிருக்கிறது. கருவியின் பதிவுப்படி காற்று தீர்ந்தது நாள் 51, மாலை 18:05. நாற்பத்தெட்டில் அனுப்பியிருந்தால் நாற்பத்தொன்பதில் வண்டி அங்கே நின்றிருக்கும்.

12:55
அவர் முகம் திரையைப் பார்த்தபடி இருக்கிறது. என் பெட்டி அவர் திரையிலும் அப்படியேதான் தெரியும். அதாவது தினமும் காலை ஆறு மணிக்கு அந்த வரி கருப்பாக வந்து நின்றதை அவர் பார்த்திருக்கிறார். நான் அதை நம்புவேன் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கும். கெட்டிக்காரி.

நாள் 54 | காலை 06:30
பெட்டியில் வரி நிற்கிறது.

06:34
நிரலைத் திறந்து பார்த்தேன். பிளேஸ்ஹோல்டர் இல்லை. நீக்கியது நீக்கியபடி இருக்கிறது. நிலையத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் தட்டவில்லை.

06:41
எலியை அதன் மேல் இழுத்தேன். நீலமானது. நகலெடுத்து ஒட்டுகிறேன்:
நலம். நலமறிய ஆவல்.

06:44
கேமராவைப் பார்த்தேன். அண்ணன் அதே இடத்தில், அதே மாதிரி. விசைப்பலகை மேஜை மேல்.

06:52
அத்தனை நாளும் நீளநீளமாகத் தட்டினேன். வடிகட்டி என்ன ஆச்சு, ஏன் பதில் இல்லை, என்ன கோபம். என் நலத்தைக் கேட்டு நின்ற வரிக்கு மட்டும் ஒரு நாளும் பதில் சொல்லவில்லை.

06:55
தட்டிவிட்டேன்:
“நான் நலமில்லண்ணே. நான்தான் கருப்பாக்கினேன்.”

06:58
பார்டர் மஞ்சளாகிறது.