நிரந்தர விலாசம்

கொஸ்வெல,
12.02.1976

அன்புள்ள தங்கச்சி சீதேவிக்கு,

அண்ணை எழுதுவது. உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லு. சுகமாக என்று சொல்ல ஏலாது, இடது காது இன்னும் இரைகிறது.

குறிகட்டுவானில் பஸ் ஏற்றிவிடும்போது, ஐயாவுடைய புடவைக்கடையில் போய் மகாராசா மாதிரி இருக்கச் சொன்னாய். மகாராசாவுக்கு நடந்ததைக் கேள். ஐயா கடைக்குப் பின்னால் பாய் போட்டுப் படுத்த காலம் போய்விட்டது. எனக்காகவே ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, வாசலில் 'வி. கனகசபை' என்று தன் பெயரை இரண்டு மொழியிலும் எழுதிப் பலகை மாட்டியிருக்கிறார். நாங்கள் இந்தச் சிங்கள ஊரின் நிரந்தர வாசிகள் என்று கிராம சேவகரிடம் கடிதமும் எடுத்தாயிற்று. மருத்துவத்துக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து பரீட்சை எழுதினால் 250 புள்ளி வேண்டும், இந்தப் பின்தங்கிய மாவட்டத்தில் 215 போதும். போன முறை நான் எடுத்தது 208. எல்லாம் அந்தக் கணக்குத்தான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். தலைமை ஆசிரியர் படிவத்தை வைத்துக்கொண்டு சொந்த ஊர் எது என்று கேட்டார். யோசிக்காமல் "புங்குடுதீவு" என்றுவிட்டேன். ஐயா சிரித்துச் சமாளித்தார். கடைக்கு வந்ததும் கதவைப் பாதி சாத்திவிட்டு, சீலை அளக்கிற யார்க்கோலை எடுத்தார். அதன் முனையில் பித்தளைப் பூண். முதல் அடி தோளில், இரண்டாவது காதில். வேலையாட்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னுடைய இரத்தத்தைக் கண்டு நானே மயங்கி, புது வெள்ளைச் சீலைக்கட்டின் மேல் விழுந்தேன். எழும்பியபோது சீலையைப் பழுதாக்கியதற்காக மூன்றாவது அடி.

"நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் கொஸ்வெல எண்டு வரோணும்" என்றார்.

இரத்தம் கண்டு மயங்குகிறவனை டொக்டராக்கப் பார்க்கிறார். எனக்கு நில அளவையாளராகத்தான் விருப்பம் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். சங்கிலியும் கொடியுமாக வெயிலில் நடந்தால் போதும் எனக்கு. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

உன் அண்ணை,
பரமலிங்கம்

*

பத்தாம் வட்டாரம்,
புங்குடுதீவு.
03.03.1976

அன்புள்ள அண்ணைக்கு,

காது எப்படி? மயங்கினாலும் விலை கூடின சீலையாகப் பார்த்து மயங்கியிருக்கிறீர்கள். அதை வாசித்துச் சிரித்தேன், பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

இங்கேயும் சண்டைக்குக் குறைவில்லை. அம்பலவாணர் மாமா வந்து, நான் படித்தது போதும், தனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான் என்றார். நான் படிக்கப் போகிறேன் என்றேன். இரசாயனப் புத்தகத்தைப் பறித்துக் கிணற்றுக்குள் எறிந்தார். எறிந்த கையைக் கடித்துவிட்டேன், பல் பட்ட இடத்தில் இரத்தம். அம்மா அகப்பைக் காம்பால் முதுகில் நாலு தந்தா. புத்தகத்தை வாளி விட்டு எடுத்துக் காயவைத்திருக்கிறேன். பக்கங்கள் அப்பளம் போலப் பொங்கி நிற்கின்றன, எழுத்து வாசிக்கலாம்.

அடி வாங்கின சூட்டில் அம்மாவிடம் ஒன்று கேட்டேன். அண்ணையைக் கொண்டுபோன ஐயா என்னையும் ஏன் கொண்டுபோகவில்லை? எனக்கும் அதே பரீட்சைதானே. அம்மா சொன்ன மறுமொழி இது: "பெட்டைப்பிள்ளைக்கு என்ன விலாசம்? கட்டிக்கொண்டு போறவன்ர வீடுதான் விலாசம்."

அதற்கு அகப்பைக் காம்பு பரவாயில்லை.

நான் இங்கேயிருந்தே 250 எடுத்துக் காட்டுகிறேன். நீங்களும் படியுங்கள். சங்கிலி, கொடி பிடிக்கிற கனவை ஐயாவின் காதில் போடாதேயுங்கள், மற்றக் காதும் போய்விடும்.

தங்கை,
சீதேவி

*

கொஸ்வெல,
02.05.1977

அன்புள்ள தங்கச்சிக்கு,

பரீட்சை முடிந்துவிட்டது. உனக்கு நன்றாகச் செய்திருக்கும் என்று எனக்கு நிச்சயம். எனக்கு அப்படியொன்றும் நிச்சயமில்லை. பௌதிகம் சுமார். விலங்கியல் செய்முறையில் தவளையை வெட்டும்போது கண் இருட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற கமலாதேவிதான் என் தட்டை இழுத்துப் பிடித்தாள்.

அவளைப் பற்றி உனக்கு எழுதவில்லை. மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கிற பெட்டை. அட்டை கடித்த காலோடு ஐந்து மைல் நடந்து வருவாள். இந்த மாவட்டத்துக்கு மருத்துவத்தில் நாலு இடம்தான். வகுப்புச் சோதனைகளின்படி பார்த்தால் அந்த நாலாவது இடம் அவளுடையது. நான் வந்ததால் அவள் ஐந்தாவது ஆள். ஒருநாள் எந்த ஊர் என்று என்னைக் கேட்டாள். கொஸ்வெல என்றேன். "அப்பிடியா? உங்க பேச்சு கொஸ்வெலப் பேச்சு இல்லையே" என்றாள். எனக்கு முகத்தில் உமிழ்ந்தது போல இருந்தது.

தங்கச்சி, எனக்கு என்னைக் குறித்தே வெறுப்பாக இருக்கிறது. விருப்பமில்லாத படிப்புக்கு, என்னுடையதல்லாத ஊரில் இருந்து, இன்னொருத்தியின் இடத்தைப் பிடிக்கப் படிக்கிறேன். ஐயாவிடம் வாய் திறந்தேன். யார்க்கோல் இந்த முறை முழங்காலில் விழுந்தது. நொண்டிக்கொண்டுதான் கடைசிப் பாடம் எழுதப் போனேன்.

அன்புடன்,
அண்ணை

*

புங்குடுதீவு.
09.08.1977

அன்புள்ள அண்ணைக்கு,

பரீட்சை மறுமொழி வந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்கு 219. எனக்கு 247.

மூன்று புள்ளி, அண்ணை. விரல்விட்டு எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். ஒரு கேள்வியின் பாதி. கிணற்றுத் தண்ணீரில் அழிந்துபோன ஏதோவொரு வரி. பெயர்ப்பட்டியல் வர மாதங்கள் ஆகும், ஆனாலும் முடிவு தெரிந்ததுதான். என்னைவிட 28 புள்ளி குறைந்த நீங்கள் டொக்டர். நான் மாமா சொன்ன மாப்பிள்ளை.

இதில் உங்களோடு எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. நேற்றுச் சோற்றுப் பானையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அம்மா அடிக்கவில்லை, ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினா. அதுதான் இன்னும் கூட நோகிறது.

யாழ்ப்பாணத்தில் குழப்பம் என்று பஸ்காரர் கதைக்கிறார்கள். தேர்தலுக்குப் பிறகு தெற்கில் எப்படி என்று எழுதுங்கள். அம்மா பயப்படுகிறா.

சீதேவி

*

பெரியாஸ்பத்திரி, 7ஆம் வார்ட்
06.09.1977

அன்புள்ள தங்கச்சிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். வலது மணிக்கட்டு முறிந்ததால் இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறினது போலத்தான் இருக்கும். பொறுத்து வாசி. அம்மாவுக்கு நீ வேறு விதமாகச் சொல்லு.

காலை பத்து மணி. தமிழரைத் தேடி லொறியில் வந்தார்கள், முப்பது பேர் வரும். இரும்புக்கம்பி, மண்ணெண்ணெய்ப் பரல். நாலைந்து பேர் எங்கள் வாடிக்கையாட்கள், தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் தின்றவர்கள். முதலில் வீட்டுக்குத்தான் போனார்களாம். வாசலில் பெயர்ப்பலகை இருந்ததே, தேட வேண்டியிருக்கவில்லை. அதை எரித்துவிட்டுக் கடைக்கு வந்தார்கள். கடையின் பெயர் சிங்களத்தில்தான். பக்கத்துப் பேக்கரி முதலாளி கைகளை விரித்துக்கொண்டு வாசலில் நின்றார். இவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள் இல்லை, கொஸ்வெல ஆட்கள், முப்பது வருஷமாக என் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கெஞ்சினார். கம்பி வைத்திருந்தவன், அப்படியென்றால் அதை அவனே சொல்லட்டும் என்று ஐயாவிடம் திரும்பினான். உன் ஊர் எது?

ஐயாவின் சிங்களம் உனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவர் யாரென்று பிடிக்க ஏலாது. சொல்ல வேண்டிய சொல் என்னவென்றும் அவருக்குத் தெரியும். அதற்காக என் காதைக் கிழித்தவர்.

"புங்குடுதீவு" என்றார்.

வீறாப்பாகச் சொல்லவில்லை, தங்கச்சி. கோவில் திருவிழாவில் யாரோ விசாரித்ததற்குச் சொல்வது போலச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பி தலையின் பக்கத்தில் இறங்கியது. விழுந்த பிறகும் அடித்தார்கள். யார்க்கோலை எடுத்தும் ஒருவன் அடித்தான், அது முறிந்தது.

பிறகு அதே கேள்வியை என்னிடம் கேட்டான். நான் "கொஸ்வெல" என்றேன். திக்காமல் சொன்னேன். அவன் கம்பியைத் தாழ்த்தினான்.

அவர்கள் தீ வைத்தபோது நைலெக்ஸ் சீலைகள் உருகிச் சொட்டின. ஐயாவை இழுத்துக்கொண்டு வெளியே வரும்போது சீலை அடுக்குகிற தட்டு சரிந்து என் கையில் விழுந்தது. பேக்கரி வான் வண்டியில் இருபது மைல் கொண்டுவந்தோம். அவர் தலையை என் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன், காயத்துக்குள்ளே பார்த்தேன். நான் மயங்கவில்லை. மூன்றாம் நாள் ஐயா போய்விட்டார். இங்கேயே கொள்ளி வைத்தேன், இடது கையால்.

என்னால் ஊருக்கு வர ஏலாது. எந்த முகத்தோடு வருவேன்? அவர் சொன்ன சொல்லை, அவர் உயிர் போகிற இடத்தில் நின்று, இல்லை என்று சொன்னவன் நான்.

பரமலிங்கம்

*

புங்குடுதீவு.
14.09.1977

என் அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை இருபது தரம் வாசித்துவிட்டேன். அம்மாவுக்கு, ஐயா நித்திரையில் போனார் என்று வாசித்துக் காட்டினேன். அவ என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சுவரில் தலையை மோதினா. பிடித்து இழுத்தபோது என் கன்னத்தில் அறைந்தா. இரண்டு பேரும் குசினி நிலத்தில் கிடந்து அழுதோம்.

கேளுங்கள். நீங்கள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. கம்பியோடு நிற்கிறவனுக்கு உண்மை சொல்ல வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. நீங்களும் புங்குடுதீவு என்று சொல்லியிருந்தால் எனக்கு இன்றைக்கு அண்ணை இல்லை. ஐயா உங்களை அடித்துப் பழக்கினது அந்த நேரத்துக்கு உதவியது, அவருக்குத்தான் அவர் பாடம் மறந்துபோனது. சாகும்போது உங்களைத் திரும்பிப் பார்த்தது, நீ சரியாகச் சொல்லு என்றுதான். எனக்கு அது நிச்சயம்.

சோற்றுப் பானையை உடைத்த கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். மூன்று புள்ளியும் மண்ணாங்கட்டியும். கப்பலில் ஆட்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவருகிறார்களாம். வாருங்கள். ஊர் எது என்று இங்கே உங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் தங்கச்சி,
சீதேவி

*

கொழும்பு,
20.01.1978

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடையின் காப்புறுதி விஷயமாகப் போவதாக உங்கள் இருவருக்கும் சொல்லிவிட்டு வந்தேன். அது பொய். மூன்று மாதம் உன் கையால் சாப்பிட்டுவிட்டு, கடைசி நாள் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் போய்விட்டது.

மருத்துவத்துக்குத் தெரிவானவர்கள் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் நாலாவது. கடிதம் எரிந்த வீட்டு விலாசத்துக்குப் போய், பேக்கரி முதலாளி அதை எடுத்து வைத்திருந்தார். கூடவே ஒரு படிவம். நிரந்தர விலாசத்தை எழுதி, சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து ஒப்பமிட வேண்டும்.

படிவம் ஐந்து நாள் மேசையில் கிடந்தது. புங்குடுதீவு என்று எழுதினால் இடம் போய்விடும். போனால் கமலாதேவிக்குக் கிடைக்கும் என்று நினைத்து விசாரித்தேன். லயம் எரிந்த பிறகு அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்களாம். அப்படியானால் யாருக்காக விடுவது? ஐயாவின் காயத்தைப் பார்த்தும் நான் மயங்கவில்லை என்று எழுதினேனே, அன்றைக்கே தெரிந்தது, இந்த வேலை எனக்கு முடியும். வாழ்க்கையில் முதல்தரம் என்னால் ஒன்று முடியும் என்று தோன்றியது. ஐயா இதற்காகத்தானே செத்தார்.

கொஸ்வெல என்று எழுதி ஒப்பமிட்டேன். கூரையில்லை, நாலு கரிச்சுவர்தான் நிற்கிறது. ஆனாலும் வீட்டு இலக்கம் இருக்கிறது.

நான் செய்தது பிழையா? உண்மையைச் சொல்லு.

உன் அண்ணை,
பரமலிங்கம்

*

பத்தாம் வட்டாரம்,
புங்குடுதீவு.
02.02.1978

அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. மணிக்கட்டு முறிவு நன்றாக மாறிவிட்டது போல, கையெழுத்து திருத்தமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். கடையில் அன்றைக்குக் கேட்டவன் கையில் கம்பி இருந்தது. இந்த முறை உங்கள் கையில் பேனை இருந்தது, ஐந்து நாள் அவகாசம் இருந்தது, யாரும் அடிக்கவில்லை. முதல் பொய்க்கு நான் உங்களை ஒரு நிமிஷம்கூடக் குற்றம் சொல்லவில்லை. இதை ஏற்க என்னால் ஏலாது.

ஐயா இதற்காகச் சாகவில்லை. ஐயா செத்தது தன் வாயால் ஊர்ப் பெயரைச் சொன்னதற்காக. அவர் உங்களை அடித்ததெல்லாம் பிழை, கடைசியில் சொன்ன ஒரு சொல்தான் சரி. அதையும் நீங்கள் படிவத்தில் அடித்து அழித்துவிட்டீர்கள். அந்தப் பெட்டை போய்விட்டாள், அதனால் இடம் சும்மா கிடக்கிறது என்கிறீர்கள். அவளுடைய லயத்தைக் கொளுத்தினவர்களும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்.

உங்களுக்கு அந்த வேலை முடியும் என்பதை நான் நம்புகிறேன். நல்ல டொக்டராக வருவீர்கள். அது வேறு கதை.

மாமா மாப்பிள்ளை பகுதியை அழைத்துக்கொண்டு வந்தார். அருவாளோடு வாசல் படலையில் நின்றேன், திரும்பிப் போய்விட்டார்கள். ஊர் முழுக்க என்னை விசரி என்கிறது. நான் வருகிற பரீட்சையும் எழுதப்போகிறேன், இங்கேயிருந்துதான், 250க்குத்தான். கிடைக்காவிட்டால் அதற்கடுத்ததும்.

அம்மா சுகம். உங்களுக்கு இடம் கிடைத்ததை மட்டும் சொன்னேன், சாமி படத்துக்கு விளக்கு வைத்தா. ஆண்டுத் திவசத்தை இங்கே நாங்கள் செய்வோம். நீங்கள் மினைக்கெட்டு வர வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி யாராவது உங்களிடம் ஊர் எது என்று கேட்டால், பழக்கத்தில் எங்கள் ஊரைச் சொல்லிவிடாதேயுங்கோ. படிவத்தில் எழுதினதையே சொல்லுங்கோ.

இப்படிக்கு,
க. சீதேவி
பத்தாம் வட்டாரம்,
புங்குடுதீவு.