பதினொரு நொடி

அன்புள்ள ஆமைக்கு,

கத்தரி எழுதுகிறேன். தினம் இரண்டு தடவை போன் போட்டு உயிரை வாங்குகிறவள் இப்போது எதற்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று நீ முழிப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான். சோப்பு விளம்பரப் படப்பிடிப்பில் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் இதைப் படிக்காதே. அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு படி.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். எடிட்டிங் அறையில் ஏசி ஒழுகுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறோம். இப்போது என் கைக்கு வந்திருக்கிற தினசரித் தொடரில் மாமனார் நாலாவது தடவையாகச் செத்துப் பிழைத்து வந்துவிட்டார். அவரைப் பார்த்த அதிர்ச்சியில் ஏழு பேர் முகத்தையும் மும்மூன்று தடவை காட்டச் சொல்கிறார்கள். காட்டுகிறேன். வெட்டி ஒட்டுவது நான்தானே, யாரைக் குறை சொல்ல?

சரி, சுற்றி வளைத்தது போதும். விருதுக் குழுவில் உன் தொடருக்காக நான் சண்டை போட்டேன் என்று சொன்னேன் இல்லையா? போடவில்லை. உன் தொடர் பரிந்துரைப் பட்டியலில் வராமல் போனதற்குக் காரணமே நான்தான்.

நடந்தது இதுதான். நாங்கள் ஏழு பேர். பத்து நாளில் முப்பத்தெட்டுத் தொடர்களைப் பார்த்து ஐந்தைப் பொறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கைக்கணினியில் போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாளே ஒரு தொடரில் நாயகி மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வேகத்தை இரண்டு மடங்காக வைத்தேன். வைத்ததை மறந்தே போனேன். உனக்குச் சிரிப்பு வரும், ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நாம் எடுக்கிற தொடர்கள் எல்லாம் அந்த வேகத்தில்தான் மனிதர்கள் பேசுகிற மாதிரி இருந்தன. என் காதும் அதற்குப் பழகிவிட்டது. உன்னுடையது முப்பத்தி ஒன்றாவது.

கடைசி நாள் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். இப்போது வருகிற தொடர்களில் யோசிக்க இடமே இல்லை, இடிச் சத்தமும் கன்னத்தில் விழும் அறையும் கண்ணீரும்தான், ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்திருப்பதைக் காட்ட யாருக்கும் தைரியமில்லை என்று பொரிந்து தள்ளினார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். நாலு இடங்கள் முடிவாகிவிட்டன. ஐந்தாவது இடத்துக்கு உன்னுடையதும் அந்த மாமனார் தொடரும்; அது அப்போது என் கைக்கு வந்திருக்கவில்லை.

என் சிநேகிதி எடுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். தயவு தாட்சண்யம் பார்க்காதவள் என்று பேர் வாங்கும் ஆசை எனக்கு வந்துவிட்டது. எழுந்து நின்று ஐந்து நிமிஷம் பேசினேன்டி. கதை நல்ல கதை, ஆனால் மூச்சுவிட இடமில்லை, எல்லாரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரி பேசுகிறார்கள், வேலை போன புருஷன் அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாமல் சாப்பாட்டின் முன் உட்கார்ந்திருக்கிற காட்சியில்கூட ஒரு நிறுத்தம் இல்லை என்றேன். உன்னை. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம் என்று யூனிட்டே ஆமைப் பட்டம் கட்டிய உன்னைப் பார்த்து அவசரக்காரி என்றேன்.

குழுவில் சவுண்டு இன்ஜினியர் ஒருவர், சாது. எனக்கு அப்படித் தோணலையேம்மா, நிறைய அமைதி இருந்துச்சே என்று மெதுவாகச் சொன்னார். காதை வைத்துப் பிழைக்கிறவர் இப்படிச் சொல்லலாமா என்று அவரையும் எல்லார் முன்னாலும் மடக்கினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது மாமனாருக்கு நாலு, உனக்கு மூன்று. நாலாவது கை என்னுடையது.

பட்டியல் வந்த அன்று நீ போன் செய்தாய். உன்னிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கூட வைக்கவில்லை. அடிச்சுப் பேசினேன், மத்தவங்க விடலைடி என்று தானாக வாயில் வந்துவிட்டது. நீ என்னைத் தேற்றினாய். எனக்காக அத்தனை பேர்கிட்ட மல்லுக்கு நின்னியே, அது போதும்டி, விருது கிடக்குது விடு என்றாய். பட்டியலில் வந்தால்தான் அடுத்த சீசன் என்று சேனல்காரர்கள் சொல்லியிருந்ததை, நான் வருத்தப்படுவேன் என்று என்னிடம் வாயே திறக்கவில்லை. உன் தொடரில் மேக்கப் போடும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் அடுத்த நாள் எடிட்டிங் அறைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நீங்க ஒருத்தராவது எங்களுக்காகப் பேசினீங்களேம்மா என்றாள். அந்த சீசனை நம்பி வேறு வேலை ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறாளாம். நான் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றேன்.

அது வரைக்கும்கூட, பொய் சொன்னோமே என்றுதான் குத்தியதே தவிர, என் தீர்ப்பு சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு மத்தியானம் என் வீட்டுக்காரர் கூடத்தில் டிவியில் உன் தொடரைப் போட்டிருந்தார். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தமே இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன். அந்தப் புருஷன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தண்ணி வேணுமா என்று அவள் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. அவன் பதில் சொல்லவில்லை. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன், இவர் திரும்பாமலே கையைக் காட்டி என்னை அடக்கினார். மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. அப்புறம்தான் அவன் போதும் என்றான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஓடிப்போய்க் கைக்கணினியைத் திறந்தேன். மூலையில் இரண்டு மடங்கு என்று சின்னதாக எழுதியிருந்தது. அந்தக் காட்சியைச் சரியான வேகத்தில் வைத்து எண்ணினேன். பதினொரு நொடி. அதில் ஒரு நொடியைக்கூட வெட்ட விட மாட்டேன் என்று நீ சேனல் அதிகாரியிடம் சண்டை போட்ட கதையை என்னிடம்தானே சொன்னாய்? இருபது வருஷமாக நொடிக்கணக்கு பார்ப்பதே என் தொழில். சீ, நானெல்லாம் ஒரு எடிட்டரா!

பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லி மறுபடி ஓட்டெடுக்கச் சொன்னேன். பட்டியல் வெளியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். வாசல் வரைக்கும் வந்து, நானும் வேகமாத்தாம்மா ஓட்டினேன், வெளிய சொல்லிடாதீங்க என்றார். அவர் பேரை நான் எங்கும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான். அந்த சவுண்டுக்காரரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைம்மா என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இன்று காலை, நான் செய்ததையெல்லாம் எழுதி, என் கையெழுத்துப் போட்டு, விருதுக் குழுவுக்கும் உன் சேனல் அதிகாரிக்கும் அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்டு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், எனக்கும் அது சௌகரியமாக இருக்கும். அதனால் அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதனால் உனக்கு சீசன் கிடைக்குமா என்று தெரியாது. இனி யாரும் என்னைக் குழுவில் கூப்பிட மாட்டார்கள், அது போகட்டும். மேக்கப் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இன்னும் நிறைய எடுக்க வேண்டும், உன் இஷ்டத்துக்கு மெதுவாக. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு தடவை போன் பண்ணு. திட்டு, இல்லை திட்டாமல் இரு. நடுவில் நீ எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் நான் போனை வைக்க மாட்டேன். வாயைத் திறந்து எதையும் நிரப்பவும் மாட்டேன்.

உன்
கத்தரி