செவ்வாய், வியாழன், சனி பதிவாகாத பெட்டி

என் பிரியமான ஏன்னாவுக்கு,

முப்பத்தாறு வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் பெயரைப் போட்டு எழுதினால் யாரோ பேங்க் மேனேஜருக்கு எழுதுகிற மாதிரி இருக்கும். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் நன்றாக இருக்கிறேன். பிரஷர் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறேன். உங்கள் அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறது. இந்த வீட்டில் ஒழுங்காக நடக்காமல் இருந்தது உங்கள் பெட்டி ஒன்றுதான்.

டிவிக்கு அடியில் நீங்கள் வைத்த, நிகழ்ச்சியைப் பதிந்து வைக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் சொல்கிறேன். லோக்கல் சேனலில் காலை ஆறரைக்கு வருகிற உபன்யாசம் கேட்காமல் அக்காவுக்குப் பொழுது விடியாது. ரெண்டு வருஷம் முன்னால் ஆஸ்பத்திரியில் அவருக்கு அதே நேரத்தைக் கொடுத்துவிட்டார்கள். ரெண்டு நாள் தரையில் குப்புறப் படுத்து ஒயர் மாட்டினீர்கள். "இனிமே நாம ஊர்ல இல்லாட்டாலும் இது பிடிச்சு வெச்சுக்கும்" என்றீர்கள். அப்படியே பிடித்தும் வைத்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு, நீங்கள் கீழே உட்கார்ந்துகொண்டு, ரெண்டு பேரும் பார்ப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு ஒரு மாதம் யாரும் அதைத் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் அக்கா கேட்டார். போட்டுப் பார்த்தால் சில நாள் இருக்கிறது, சில நாள் 'ரெக்கார்டிங் ஃபெயில்டு' என்று சிவப்பாக ஒரு வரி. "ஏண்டி கோமளா, இன்னிக்கும் பொட்டி மூஞ்சியத் தூக்கிண்டுடுத்தா?" என்று அக்கா கேட்பார். கேட்டுவிட்டு, பரவாயில்லை என்பது போலச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்தத் திரும்பல்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

எனக்குப் பயமில்லை, தெரியுமோ. டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவள். லைன் செத்துப்போச்சு என்று கத்தினவர்களை எல்லாம் சமாதானப்படுத்திக் கோளாறைக் கண்டுபிடித்தவள் நான். ஒரு பெட்டி என்னை என்ன செய்துவிடும்? நோட்டு ஒன்று எடுத்துத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். இடம் போதவில்லையோ என்று பார்த்தால் உள்ளே முழுக்க உங்கள் கிரிக்கெட். ஒன்றுவிடாமல் அழித்தேன். கோபித்துக்கொண்டாலும் சரி, முடிவு தெரிந்த ஆட்டத்தை எத்தனை தடவை பார்ப்பீர்கள்? கேபிள் ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ரெண்டு வாரத்தில் நோட்டு பேசியது. பதிவாகாதது செவ்வாய், வியாழன், சனி. நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்கள். சரி, பூட்டிய வீட்டில் திருச்சி வெயிலுக்குப் பெட்டி சூடாகிறது என்று முடிவு கட்டினேன். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பதிவு இல்லை, புறா இருந்தது. அதை விரட்ட அரை மணி நேரம்.

இதற்குள் சித்திரைத் தேர் வந்துவிட்டது. இந்த வருஷம் தேர் சனிக்கிழமை காலை, லோக்கல் சேனலில் நேரடியாகக் காட்டுவார்கள். டயாலிசிஸை வெள்ளிக்கோ ஞாயிறுக்கோ மாற்ற முடியுமா என்று கேட்டேன், இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தேர் ஓடுகிற வடக்குச் சித்திரை வீதியில் பிறந்தவர் உங்கள் அக்கா, எழுபத்திரண்டு வயசுக்கு ஒரு தேரும் விட்டதில்லை. போன வருஷம்கூடப் பெட்டி பிடித்து வைத்ததைத்தான் பார்த்தார். "இந்த ஒரு தேரைப் பாத்துட்டேன்னா போறும்டி. அடுத்த தேருக்கு நான் இருக்கேனோ என்னவோ" என்றார். அழாமல் சொன்னார்.

அன்றைக்கே பெங்களூருக்குப் போன் போட்டு உங்கள் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம் பத்மா உங்களை மாதிரியே, நிதானமாகக் கேட்டாள்.

"அம்மா, கிளம்பறப்ப சுவிட்ச் எல்லாத்தையும் அணைச்சுடுவியே, பொட்டியையுமா?"

"பின்னே? ஃபிரிட்ஜைத் தவிர எல்லாத்தையும் அணைப்பேன்."

"கரண்ட் இல்லாம அது எப்படிம்மா பதியும்?"

"ஏண்டி, அப்பா இருக்கறச்சேயும் அணைச்சுட்டுத்தானே போனோம்? அப்ப பதிஞ்சுதே! உள்ளே பாட்டரி இருக்கும், அது தீந்துபோயிருக்கும்."

"அதுல பாட்டரியே கிடையாதும்மா."

அவளுக்கும் புரியவில்லை. பெட்டி எப்போது எப்போது உயிர் பெற்றது என்று அதற்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்குமாம். எங்கே அழுத்த வேண்டும் என்று சொன்னாள், அழுத்தினேன். புகார்ப் பிரிவில் எனக்குப் பழக்கமான காகிதம் மாதிரி வரிவரியாக வந்தது. சமீபத்திய செவ்வாய், மதியம் பன்னிரண்டு பத்து. சனி, பன்னிரண்டு இருபது. நாங்கள் வீடு திரும்புகிற நேரம். இன்னும் கீழே போனேன், நீங்கள் இருந்த மாதங்களுக்கு. செவ்வாய், காலை ஐந்து ஐம்பத்திரண்டு. வியாழன், ஐந்து ஐம்பது. சனி, ஐந்து ஐம்பத்தைந்து. ரெண்டு வருஷத்துக்கும் அப்படியே போகிறது.

படித்துக் காட்டினேன். "அம்மா, அந்த நேரத்துக்கு நீயும் அத்தையும் எங்கே இருப்பேள்?" என்றாள் பத்மா.

கீழே. ஆட்டோவில். அக்காவைக் கைப்பிடித்து ரெண்டு மாடி இறக்கி உட்கார வைத்திருப்போம். அப்போது நீங்கள் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பீர்கள். "கண்ணாடிய வெச்சுட்டேன்டி, சாவியக் குடு." இன்னொரு நாள் கைக்குட்டை. இன்னொரு நாள் ஃபைல். முழங்காலில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு மாடி ஏறுவீர்கள். நான் கீழே இருந்து சத்தம் போடுவேன். "தலை கழுத்தோட ஒட்டிண்டிருக்கோ, பொழைச்சுதோ. இல்லாட்டா அதையும் ஆணியில மாட்டிட்டு வந்துடுவார்" என்று ஆட்டோக்காரரிடம் சொல்வேன். அவர் சிரிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள். வீடு திரும்பும்போதும் நீங்கள்தான் முதலில் உள்ளே போவீர்கள். எந்த சுவிட்ச் எப்படி இருந்தது என்று நான் எங்கே கண்டேன்?

நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம் இதுதான். நாலு பேர் முன்னால்தான் உங்களை மறதிக்காரர் என்று சொல்லியிருக்கிறேன். சம்பந்தி வீட்டில் சொன்னேன், பத்மா கல்யாணப் பந்தியில் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொள்ளட்டும். என் அகத்துக்காரர் எதையும் மறக்கவில்லை.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? யோசித்துப் பார்த்தேன், பதில் எனக்கே தெரியும். உறையூரில் எங்கள் அப்பா வீட்டில் டிவி பிளக் புகைந்து திரைச்சீலை பற்றிக்கொண்டதும், அணைக்கப் போன அப்பாவின் கை வெந்ததும் நான் கண்ணால் பார்த்தது. அன்றிலிருந்து சுவிட்சை அணைக்காமல் வாசல் தாண்டியதில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அதைக் கேலி செய்தீர்கள். நான் அழுத அழுகையில் அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. பெட்டி ஓடுகிறது என்று சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரமும் நெருப்பையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு நிம்மதியும் வேண்டும், உங்கள் அக்காவுக்கு உபன்யாசமும் வேண்டும். அதற்காக, நான் அணைத்த சுவிட்சைப் போடத்தான் மாடி ஏறினீர்களா? எவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறீர்கள். நான் ஒரு மடச்சி.

அக்காவிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவன் சின்னதுலேயே அப்படித்தான். சண்டை போட மாட்டான், சுத்திண்டு போவான்" என்றார்.

கோளாறு தெரிந்துவிட்டது, இனி என்ன, சுவிட்சை அணைக்காமல் போனால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வியாழக்கிழமை ஒத்திகை. அணைக்காமல் பூட்டினேன், ஆட்டோ ஏறினேன். அம்மா மண்டபம் ரோடு வரை வீறாப்பாக இருந்தேன். காவிரிப் பாலம் ஏறினதும் கை சில்லிட்டுப் போயிற்று. வண்டியைத் திருப்பச் சொல்லி, வீட்டுக்கு வந்து, மாடி ஏறி அணைத்துவிட்டுத்தான் போனேன். அக்கா இருபது நிமிஷம் தாமதம். நர்ஸ் பெண் என்னைக் கடிந்துகொண்டாள். புகார்ப் பிரிவுக்காரிக்கு இதைவிட அவமானம் உண்டா?

சனிக்கிழமை தேர்க் கூட்டத்துக்காக முன்னதாகவே கிளம்பிவிட்டோம். தேர் நேரத்தைப் பெட்டியில் குறித்து வைத்துவிட்டு, மற்ற சுவிட்செல்லாம் அணைத்தேன். பெட்டியில் விளக்கு எரிகிறது. பூட்டினேன். பாலத்தில் ஏறினதும் அதே சில்லிப்பு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, திருப்பணுமா? சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்தார்.

"திருப்பச் சொல்லுடி. தேர் எங்கே போயிடப் போறது? நீ பயந்துண்டு உக்காந்திருக்க வேண்டாம்."

அடுத்த தேருக்கு இருப்பேனோ என்று கேட்டவர் சொல்கிற வார்த்தையா இது? உங்கள் குடும்பமே இப்படித்தானா? எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "ஒண்ணும் திருப்ப வேண்டாம். நேரே போங்க" என்றேன். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரமும் பயந்துகொண்டுதான் இருந்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் எழுந்து ஓடவில்லை.

மதியம் வீடு வீடாகத்தான் இருந்தது. பெட்டியில் சிவப்பு வரி இல்லை. நாலு மணிக்கு அக்காவுக்குத் தலையணை அண்டக் கொடுத்துப் பதிவைப் போட்டேன். நம்பெருமாள் தேரில் அசைந்து வருகிறார். வடக்குச் சித்திரை வீதிக்குத் திரும்பினதும் அக்கா, "நிறுத்துடி" என்றார். நிறுத்தினேன். அவர் பிறந்த வீடு இருந்த இடத்துக்கு நேரே தேர் நின்றது. இப்போது அங்கே செல்போன் கடை. அத்தனை ஜனம் வடம் பிடித்து இழுக்கிற தேரை உங்கள் அக்கா பத்து நிமிஷம் நிறுத்தி வைத்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கிளம்பச் சொல்லு" என்றார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு நாளும் தவறவில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பாலம் வரும்போதெல்லாம் வருகிறது, அதையும் கூட்டிக்கொண்டே போகிறேன்.

உங்கள் அக்கா இருக்கிறவரை ஒரு பதிவும் தவறாது, இது என் பொறுப்பு. நீங்கள் இனிமேல் மாடி ஏற வேண்டாம். முழங்காலை நீட்டிக்கொண்டு உட்காருங்கள்.

உங்கள் அகத்துக்காரி,
கோமளா