பரங்கிக்காய்க்கு மூன்று தரம்

என் செல்ல மெர்சி அக்காவுக்கு,

தான்சானியா போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டேன். நம்ப மாட்டாய். வடலூர் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற உன் தங்கை, விமானத்தில் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கினாள்!

நம் சபையின் ஊழியக் குழுவில் உனக்கென்று வைத்திருந்த இடம் அது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பதிலா நீ போடி. அந்தச் சனங்க முன்னாடி ஆண்டவர் நமக்குச் செஞ்சதைப் பத்தி நாலு வார்த்தை சாட்சி சொல்லிட்டு வா" என்றாய். சரியென்று தலையாட்டிவிட்டேன். மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மாட்டிவிட்டாய்.

அங்கே பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடித்தோம், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தோம். பெயின்ட் அடிக்கும்போதும் சாட்சியைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கடைசி ஞாயிறு ஆராதனையில் அந்த ஊர்ப் போதகர் என்னைப் பார்த்து, பேசுகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டி, நம் வழக்கப்படி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். பாவம் மனுஷர், நான் மாட்டேன் என்கிறேன் என்று நினைத்து அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். கூப்பிட்டுச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு அதோடு போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் அக்கா, வாசலில் ஏலம் தொடங்கியது. நம் அறுப்பின் பண்டிகை ஏலமேதான்! காணிக்கைப் பணத்துக்குப் பதில் சிலர் கொண்டுவந்த முட்டை, கோழி, கரும்பையெல்லாம் அங்கே வாராவாரம் ஏலம் விடுகிறார்கள். எல்லாம் போய், கடைசியில் ஒரு பரங்கிக்காய் நின்றது. யாரும் கேட்கவில்லை. அதைக் கொண்டுவந்த பெண், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

நீ இருந்தால் சும்மா விட்டிருப்பாயா? எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. காயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, நம் பண்டிகையில் நீ ஏலம் சொல்கிற மாதிரியே தமிழில் கத்தினேன். "நல்லா முத்துன காய்ங்க, விட்டா கிடைக்காது. ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ஒரு வார்த்தை புரியாமலே எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் கை தூக்கினார். வாங்கினவரிடம் ஜாடையில் கேட்டுக் காயைத் திரும்ப வாங்கி, நம் சபையில் செய்வதுபோல மறுபடியும் அதையே ஏலம் விட்டேன். அடுத்த முறை ஊரே "மூணு தரம்" என்று கத்தியது. அந்தப் பெண் குழந்தையோடு ஆடவே ஆரம்பித்துவிட்டாள்.

போதகர் மைக்கை என் கையில் திணித்து, இதை யார் உனக்குக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

"என் அக்கா மெர்சி" என்றேன். அதற்கப்புறம் என் நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் உன்னைப் பற்றிச் சொன்னேன், உன்னைக் கடைசிவரை தாங்கின ஆண்டவரைப் பற்றிச் சொன்னேன். போதகர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டேன். நாலு வார்த்தைதானே கேட்டாய்? நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும்.

உன் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மாமா, காடாம்புலியூர் பலாப்பழத்தையே காணிக்கையாகக் கொண்டுவருவாராம். நீ போனதிலிருந்து பண்டிகையில் ஏலம் சொல்ல ஆளில்லை. இந்த வருஷம் நான் சொல்கிறேன் என்று நம் பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். பலாப்பழம் பிறகுதான்; முதலில் ஒரு பரங்கிக்காய்.

ரெண்டு தரம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன் அக்கா. நீ கேட்பதானால் கேட்டுக்கொள்.

இப்போது வாயை மூடவே தெரியாத,
உன் தங்கச்சி ஷீபா