மோட்டாருக்குப் போர்த்திய கோயில் போர்வை

அன்பு மகள் ஜனெலுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், உன் அம்மா, நீச்சல் குளத்து மோட்டார் மூவரும் உயிரோடு இருக்கிறோம், மூவரில் மோட்டார்தான் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. அங்கே நீயும் எரிக் மாப்பிள்ளையும் குட்டி டெஸ்ஸாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் இந்த மனுஷன் காகிதத்தை எடுத்தான் என்று நீ யோசிப்பாய். நான் போனில் பேசினால் பக்கத்து லீராய் வீட்டு மேய்ச்சல் நிலம்வரை கேட்கும் என்று அம்மா சொல்வாள், அது உண்மைதான், இந்த விஷயமோ அவள் காதில் விழக்கூடாதது. அதனால் தீவனக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து டிரக்கில் உட்கார்ந்து ஸ்டீயரிங்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், மேசைமேல் வைத்து எழுதினாலும் இப்படித்தான் இருக்கும்.

இதற்குள் பெர்னிஸ் அத்தை உனக்கு போன் பண்ணியிருப்பாள், மாதா சபைப் பெண்கள் பங்குத் திருவிழா ஏலத்துக்காகக் கூடி உட்கார்ந்து தைத்து நம் வீட்டில் வைத்திருந்த நட்சத்திரப் போர்வையை உன் அப்பன் தூக்கிக்கொண்டுபோய் மோட்டாருக்குச் சுற்றிப் பாழாக்கிவிட்டான் என்று. அத்தை சொன்னதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். அந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும், குறுக்கே தாவாமல் படி.

முந்தின பெரும்பனியில் நம் மோட்டார் வெடித்ததும் பூமிக்கடியில் குழாய் பிளந்ததும் குளத்தின் விளிம்பில் நீ தேர்ந்தெடுத்த நீல ஓடுகள் பல் விழுவதுபோல் உதிர்ந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதைச் சரிபண்ணி முடித்தபோதே அம்மாவின் முகம் சரியில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் அத்தையும் லீராயும் உட்கார்ந்திருக்கும்போது எல்லார் எதிரிலும் சொன்னாள், "இன்னொரு தடவ இந்தக் குழி உடைஞ்சுதுன்னா மண்ணக் கொட்டி மூடிட்டு தக்காளி போட்ருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று. லீராய் கொண்டுவந்த பிளம் பிராந்தி உள்ளே போயிருந்ததால் நானும் ஆம்பளை மாதிரி கையை நீட்டி, சரி, உடைந்தால் தக்காளிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். மறுநாள் தலைவலியோடுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று உறைத்தது. உனக்குத் தெரியும், எனக்கு நீச்சல் வராது, டிராக்டர் டியூபில் உட்கார்ந்து மிதப்பதோடு சரி. ஆனால் நீ ஒவ்வொரு ஜூலையிலும் வந்து காரை நிறுத்தியதும் பெட்டியைக்கூட இறக்காமல் நேரே குளத்துக்கு ஓடி உடுத்திய துணியோடு குதிக்கிறாயே, அதற்கு அப்புறம்தான் எங்களுக்கு முத்தம், அதுவும் ஈர முத்தம். குளத்தை மூடிவிட்டால் இந்தப் பெண் இவ்வளவு தூரம் எதற்காக வரும் என்று எனக்கு ஒரு பயம். ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். "அவ நம்மளப் பாக்கத்தான் வரா, தண்ணியப் பாக்கவா வரா, பைத்தியமா ஒங்களுக்கு" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதம் குளிர் வருகிறது என்று ரேடியோவில் சொன்னதும் ஊரே கடைக்கு ஓடி ரொட்டியையும் பாலையும் காலி பண்ணிவிட்டது. என்ஜின் உறையாமலிருக்க ராத்திரி காருக்கு மின்சாரம் சொருகித் தூங்கவைக்கிற உங்கள் ஃபேர்பேங்க்ஸில் உட்கார்ந்துகொண்டு நீ சிரிப்பாய், சிரி. உங்கள் வீடு குளிருக்கென்றே கட்டிய வீடு, நம் டெக்ஸஸ் வீட்டுக் குழாய்களோ வெயிலில் வளர்ந்த பிள்ளைகள், சட்டையே போட்டதில்லை. குளத்துக்கு வேண்டியதையெல்லாம் இந்த முறை நான் முன்கூட்டியே செய்தேன். ஓடுகிற தண்ணீர் சுலபத்தில் உறையாது, அதனால் மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டேன். மின்சாரம் போய்விட்டால் உடனே ஓடி மோட்டாருக்கு அடியில் இருக்கிற திருகு மூடிகளைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உள்ளேயே உறைந்து இரும்பையே பிளந்துவிடும், அதையும் மனப்பாடம் பண்ணிவைத்திருந்தேன். மேலே பனிக்கட்டி கட்டினால் ஓடுகளை நெரிக்காமல் நடுவில் இருப்பதை நெரிக்கட்டும் என்று பால் டப்பாக்களில் கொஞ்சம் மணல் போட்டு மிதக்கவிட்டேன், தீவன வாளி, என் டியூப், உன்னுடைய பழைய மஞ்சள் வாத்து எல்லாவற்றையும் இறக்கினேன். லீராய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "டேய் எர்வின், கப்பற்படையெல்லாம் பலமாத்தான் இருக்கு, எந்த நாட்டு மேலடா சண்டைக்குப் போற?" என்றான். நான் வாத்தை இன்னும் கொஞ்சம் நடுவில் தள்ளிவிட்டேன்.

முதல் நாள் காலையிலேயே ஒரு தப்பு நடக்கப் பார்த்தது. பனிக்காலத்தில் எழுந்ததும் கோடரியை எடுத்துக்கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் பனியை உடைப்பது நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். தொட்டியை உடைத்துவிட்டு அதே கோடரியோடு குளத்துக்கு வந்து மேலே படிந்திருந்த பனியைப் பார்த்து ஓங்கியும்விட்டேன். அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்து, "யோவ், அது மாட்டுத் தொட்டி இல்ல! அடிச்சீங்கன்னா அந்த அதிர்வு சுவத்தைப் பொளந்துரும்!" என்று கத்தினாள். குளமே வேண்டாம் என்கிறவளுக்கு இது எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு எதுதான் நேரத்துக்குத் தோன்றியிருக்கிறது. கொதிக்கிற தண்ணீர்க் கெட்டிலை வைத்துக்கொண்டு ஓரத்தில் ஒரு துளை உருக்கினேன்.

அடுத்துதான் என் மூளை வேலை செய்தது. வடக்குக் காற்று நேரே மோட்டாரின்மேல் அடித்தது. கடையில் விற்கிற உறையெல்லாம் எதற்கு, களஞ்சியம் நிறையக் காய்ந்த புல்கட்டு இருக்கிறதே, இதைவிடக் கதகதப்பு எது என்று கட்டுகளைச் சுமந்துவந்து மோட்டாரைச் சுற்றிச் சின்னக் கோட்டைபோல் அடுக்கினேன். இந்த யோசனை ஏன் ஊரில் வேறு ஒருத்தருக்கும் வரவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது. ஏன் வரவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தது.

கோழி சூப்பை வாயில் வைக்கும்போது விளக்கு அணைந்தது. மோட்டார் சத்தமும் நின்றது. ஸ்பூனைப் போட்டுவிட்டுத் திருகு மூடிகளைக் கழற்றக் குறட்டோடு ஓடினேன். ஓடினால், கோட்டையில் பாதி இல்லை. லீராயின் குவீனி, அந்தச் சிவப்புப் பசு, வேலியைச் சாய்த்துக்கொண்டு வந்து பாதிக் கோட்டையைத் தின்றுவிட்டு மீதியை நோக்கிக் குறுக்குவழியில் நடந்திருக்கிறது. பனி மூடிக் கிடந்த குளம் அதற்குத் தரையாகத் தெரிந்திருக்கிறது. நான் போனபோது ஆழம் குறைந்த பக்கம் வயிறுவரை தண்ணீரில் நின்று, வாயில் புல்லோடு, பால் டப்பாக்களும் வாத்தும் சுற்றி மிதக்க, கோடை விடுமுறைக்கு வந்த மாதிரி என்னைப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் லீராய் வந்தான். "டேய், என் மாட்ட வெச்சு ஒன் குளத்துல என்னடா பண்ற?" என்றான். "ஞானஸ்நானம் குடுக்கறேன்டா" என்றேன். "அப்ப ஞானத்தகப்பன் நீதான், எறங்கித் தூக்கு" என்றான். குளம் உன்னுது நீ இறங்கு, மாடு உன்னுது நீ இறங்கு என்று கொஞ்சநேரம் வழக்கு நடந்து, கடைசியில் இரண்டு பேருமே இறங்கினோம். அந்தத் தண்ணீரைப் பற்றி உனக்கு எழுத என் படிப்பு போதாது. நான் முன்னால் கயிற்றை இழுக்க, அவன் பின்னால் தள்ள, குவீனி ஓர் அங்குலம் அசையவில்லை. அம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ரெண்டு கெழவனும் பேசி முடிச்சாச்சுன்னா அந்த வாயில்லா ஜீவன வெளிய எடுங்க, வெறச்சு சாகப்போவுது" என்றாள். பிறகு அவளே உள்ளே போய், அத்தைக்கென்று சுட்டுவைத்திருந்த கசகசா வைத்த கொலாச்சி பன் தட்டை எடுத்துவந்து படிக்கட்டு ஓரம் நின்று ஒன்றை நீட்டினாள். மாடு மரியாதையாகப் படியேறி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

குவீனியை லீராயின் கொட்டகைக்கு ஓட்டிப்போய் நம் வீட்டுக் குளியல் துண்டு அத்தனையாலும் துடைத்துக் காயவைத்தோம். திரும்பி வந்தபோது எனக்குப் பல் அடித்துக்கொண்டது, கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அம்மா கணப்புப் பக்கத்தில் உட்காரவைத்து பிராந்தி ஊற்றிக் கொடுத்தாள், அவ்வளவுதான் தெரியும், நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். விடிந்து கண்ணைத் திறந்ததும் முதலில் வந்த நினைப்பு திருகு மூடி. ஜனெல், மாடு விழுந்த கலவரத்தில் நான் மூடிகளைக் கழற்றவே இல்லை. ராத்திரி முழுக்க மின்சாரம் வரவில்லை, வெளியே தூண் வெடிக்கிற குளிர். முடிந்தது கதை, மோட்டார் பிளந்திருக்கும், குழாயும் போயிருக்கும், மண் லாரிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று காலுறைகூடப் போடாமல் ஓடினேன்.

அங்கே மோட்டாரும் பக்கத்து வடிகட்டியும் வெள்ளையும் சிவப்புமான நட்சத்திரங்களுக்குள் பச்சைக்குழந்தை மாதிரி சுற்றிக் கிடந்தன. சுற்றிய முறையைப் பார்த்தால், உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று சுற்றியிருந்தது போலவே மூலை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. விலக்கிக் கீழே பார்த்தேன், மூடிகள் கழன்றிருந்தன, தண்ணீர் வடிந்து தரையில் உறைந்திருந்தது, மோட்டாரில் ஒரு கீறல் இல்லை. சமையலறைக்குப் போனால் மூடிகள் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் இருந்தன. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி காப்பி போட்டுக்கொண்டிருந்தாள், அவள் விரலில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. திரும்பாமலே, "மண்ணு கல்லாட்டம் கெட்டியா கெடக்கு, இப்பத் தக்காளி போட முடியாது, அதான்" என்றாள். ஆமாம், போட முடியாது என்றேன். இத்தனை வருஷம் பின்னால் நின்று திட்டிக்கொண்டே நான் செய்கிற ஒவ்வொன்றையும் பார்த்து வைத்திருக்கிறாள், இல்லாவிட்டால் இது தெரியாது. காப்பியை வைத்துவிட்டு, "டெஸ்ஸாவுக்கு இந்த வருஷம் நீச்சல் கத்துக் குடுக்கறேன்னு நம்ம பொண்ணு சொன்னா இல்ல?" என்று கேட்டாள். சொன்னாள் என்றேன்.

பனி விட்டதும் அத்தை போர்வையை வாங்கிப்போக வந்தாள். துருக்கறையும் குளத்து மருந்து பட்டு வெளுத்த இடமும், ஏலத்துக்கு ஆகாது. பெர்னிஸ் அதைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், அம்மாவின் காது சிவந்துபோனது, அவளும் அந்த மாதா சபைக்குத் தலைவி அல்லவா. எனக்கு எங்கிருந்தோ வந்தது, நான்தான் எடுத்தேன் என்றேன். உன் அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி, "நான் படிச்சுப் படிச்சு சொன்னேன் பெர்னிஸ், கேட்டாரா இந்த மனுஷன்? கண்ணு தெரியலயா, கையால தொட்டா தெரியலயா, கோயில் சாமானுன்னு?" என்று ஆரம்பித்து அவள் திட்டிய திட்டில், நான்தான் எடுத்தேன் போலிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன். இப்போது தீவனக் கடையில், டிராக்டருக்கு ஸ்வெட்டர் பின்னியாச்சா என்று கேட்கிறார்கள். ஆடையில்லாதவருக்கு உடுத்துவது பற்றி ஃபாதர் பிரசங்கம் வைத்தபோது கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், பக்கத்தில் அம்மா மும்முரமாக ஜெபமாலை உருட்டினாள், ஆனால் அன்று மத்தியானம் என் தட்டில் கொலாச்சி இரண்டு கூடுதலாக இருந்தது.

மற்றபடி, பனியில் நடக்கும்போது பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்காதே, வழுக்கினால் ஊன்றக் கை வேண்டும். எரிக்கிடம் முதுகு வலிக்க மண்வாரியால் பனி அள்ள வேண்டாம் என்று சொல். அம்மாவின் ரத்த அழுத்தம் பரவாயில்லை, என்னைத் திட்டுகிற நாளில் இன்னும் நன்றாக இருக்கிறது.

ஜூலையில் வா. குளம் இருக்கிறது, ஓடு ஒன்றுகூட விழவில்லை. ஆனால் இந்த ஒருமுறை அப்பன் பேச்சைக் கேள், காரை விட்டு இறங்கியதும் குளத்துக்கு ஓடாதே, முதலில் சமையலறைக்குப் போ. அங்கே கொஞ்சநேரம் உட்கார், அப்புறம் குதி. ஏன் என்று அவள் கேட்டால் பசி என்று சொல்லிவிடு.

உங்கள் மூவரையும் ஆண்டவரும் மாதாவும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இந்தக் கடிதத்தைப் போன கடிதம்போல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்காதே, வீடியோவில் பேசும்போது அம்மா படித்துவிடுவாள், மறக்காதே.

என்றும் உன் அன்பு அப்பா,
எர்வின் குடாச்
(ஊருக்குப் போர்வைத் திருடன்)

பின்குறிப்பு: வேலியைச் சரிபண்ணிவிட்டேன். குவீனி தினமும் மத்தியானம் அங்கே வந்து நின்று குளத்தைப் பார்க்கிறது. லீராயைக் கேட்டால் அது கொலாச்சிக்காகத்தான் என்கிறான்.