சஷ்டி விரதமும் சிவப்பு மாத்திரையும்

ஐப்பசி 20, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். தெருவில் பாவு நூலை நீட்ட வழியில்லை, தறிக்கு லீவு. சஷ்டி விரதம் ஆரம்பம். வீட்டுக்காரர் ஆறு நாளும் பால் மட்டும். சித்திரையில் நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இந்த வருஷம் வேண்டாம் என்றேன். பட்டணத்திலிருந்து தம்பி வாங்கி வந்த வைட்டமின் புட்டியைக் காட்டினார். "இதுல ஒண்ணு போட்டா ஒரு வேளை சாப்பாட்டுச் சத்து. நெஞ்சுக்கும் பலமாம்." சிவப்பாக, மினுமினுப்பாக. எனக்கும் நம்பிக்கை வந்தது, பொய் சொல்வானேன்.

வாங்க: திரிநூல், கற்கண்டு, செவ்வரளி.

22, வியாழன்

மழை விட்டது. அவர் கால் வீங்கியிருக்கிறது. தறியில் உட்கார்ந்ததால் என்கிறார். தறியே ஓடவில்லையே. குமரகோட்டம் கோயிலுக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்க மூன்று இடத்தில் நின்றார். முருகா.

23, வெள்ளி

அலமாரி துடைத்தேன். நெஞ்சுக்கென்று ஆஸ்பத்திரியில் இந்த வாரத்துக்குக் கொடுத்த வெள்ளை மாத்திரைப் பொட்டலம் பிரிக்காமலே. செவ்வாயிலிருந்து ஒன்றும் போடவில்லை! கேட்டால், "சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதிக்கீது. சாப்பாடே இல்லாதப்ப எப்படிடி போடறது?" அந்த எழுத்தைப் படித்துக் காட்டியதே நான்தான். ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரி.

புது டாக்டரம்மா, சின்ன வயசு. திட்டுவார் என்று பயந்தேன். விரதத்தைக் கேலி செய்யவில்லை. இவர் நெஞ்சில் வைத்த குழாயை என் காதில் மாட்டி, நீங்களே கேளுங்கள் என்றார். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் இருக்கிறேன், கேட்டது இன்றுதான். தறிச் சத்தம் தப்பினால் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவேன். இது தாறுமாறு. தடுக்குகிறது, விழுந்தடித்து ஓடுகிறது.

புட்டியை நீட்டினேன். "இது சத்துக் குறைஞ்சவங்களுக்குமா. இதயத்தை இது பார்த்துக்காது. எங்க அப்பாவுக்கு நானே நம்பி வாங்கிக் குடுத்தேன், பிரயோஜனமில்ல."

படித்தவர், தான் ஏமாந்ததை முன்பின் தெரியாத என்னிடம் சொல்கிறார். கும்பிடத் தோன்றியது.

டாக்டரம்மா இவரிடம் சொன்னது: பாலும் பழமும்தான் உங்கள் சாப்பாடு, அதற்குப் பின் மாத்திரை, விரதம் முறியாது. வார்டில் கட்டில் கொடுத்தார்கள். காலையில் வெள்ளை ஒன்று. நீர் இறங்க இன்னொன்று. உப்பு கூடாது.

25, ஞாயிறு

சூரசம்ஹாரம். போகாதது இதுவே முதல் தடவை. வேட்டுச் சத்தம் வார்டு வரை. வீக்கம் பாதி வடிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சிவப்பு மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இவர், "அது வேஷம் கட்னதுபா. வேலை செய்யறது இந்த வெள்ளைதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு இன்று லீவாம். இருந்தும் வந்தார். நான் கேட்காமலே குழாயைக் கொடுத்தார். இன்னும் ஒழுங்கில்லை. ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. ஆனால் நிதானம்.

"முழுசா சீராகாதுமா. மாத்திரையை விடாம இருந்தா, இப்படியே ரொம்ப நாள் ஓடும்."

காதிலிருந்து எடுக்க மனமில்லை. இவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கழற்றினேன்.

"இன்னாடி கேக்குது அதுல?"

நீங்கதான், என்றேன்.